வெயில் காட்டிய வாரம்

தம்பி வீடு வாங்கியது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் ஒரே குரலில் முடிவு கட்டிவிட்டார்கள். சாட்சிக்கும் பஞ்சமில்லை. தம்பி புது வீட்டுக்குக் குடிபோன அன்று வைத்த விருந்துக்கு அண்ணன் போகவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி மனைவியை மட்டும் அனுப்பிவைத்தார். "வலி எல்லாம் இல்ல, எரிச்சலா இருக்கும்" என்று யாரோ எடுத்துக்கொடுக்க, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அவர் மனைவி ஒன்று விடாமல் சுமந்துகொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கினாள்.

"உங்களால என்னால தலைநிமிர முடியல. கூடப் பொறந்த தம்பி. நீங்க தூக்கி வளர்த்த புள்ள. அவன் நல்லா இருந்தா உங்களுக்கு என்ன வந்தது?"

சொல்வதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொன்னால் வேலை போகும், மானம் போகும், வாசலுக்குப் போலீஸ் வந்தாலும் வரும். ஆகவே வயிற்றெரிச்சல்காரன் என்ற பட்டத்தைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

உயரமான கட்டடங்களுக்கு டாம்பர் செய்யும் தொழிற்சாலையில் அவர் சோதனைக்காரர். தம்பியைத் தவிர வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று சரியாகத் தெரியாது. சட்டையில் எப்போதும் எண்ணெய் வாசம் அடிப்பதால் ஏதோ எண்ணெய்க் கம்பெனி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் வீட்டில் அவர் பெரிய சோதனைக்காரர்தான். அடுப்பின் கேஸ் மூடியிருக்கிறதா என்று படுக்கப் போகும் முன் இரண்டு முறை பார்ப்பார். காய்காரர் எடை போட்டால் முள் நிற்கும்வரை பையை நீட்ட மாட்டார். "உங்க அப்பாகூட கடைக்குப் போனா கடைக்காரனுக்கே வேர்த்துடும்" என்று மனைவி பிள்ளைகளிடம் கேலி செய்வாள்.

தணிவான வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு உயரமான இரும்புக் கட்டடத்தின் குணம் தெரியாது. அது வளைந்து கொடுக்கும். வளைந்து கொடுப்பதால்தான் உடையாமல் நிற்கிறது. ஆனால் ஒருமுறை ஆட ஆரம்பித்தால் தானாகச் சீக்கிரம் நிற்காது. ஊஞ்சலுக்கென்று ஒரு வேகம் இருக்கிறது. அந்த வேகம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரப் போகும். கட்டடமும் அப்படித்தான். எங்கோ தொலைவில் பூமி குலுங்கி, அந்த அலை நீண்டு நிதானமாக வந்து கட்டடத்தின் சொந்த ஆட்டத்தோடு கைகோத்துக்கொண்டால், கீழே தெருவில் நிற்பவன் டீ குடித்துக்கொண்டிருப்பான், மேல் மாடிக்காரன் கப்பலில் போய்க்கொண்டிருப்பான்.

அந்த ஆட்டத்தை அடக்குவதற்குத்தான் டாம்பர். அலுவலகக் கதவுகளின் தலையில் ஓர் இரும்புக் கை இருக்குமே, கதவைப் படாரென்று அறையவிடாமல் மெல்ல மூடுகிற கை, அதற்குள் இருப்பது எண்ணெய்தான். டாம்பர் அதற்குப் பெரியண்ணன். ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை, அதற்குள் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி எண்ணெய். இதைச் சுவருக்குள் தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் சாய்வாக மாட்டிவிடுவார்கள். கட்டடம் ஆடும்போது தண்டு போய்வரும். எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக முண்டியடித்துக்கொண்டு போகும். கட்டடத்தின் ஆட்டமெல்லாம் அந்த எண்ணெயில் சூடாக மாறி, மெல்ல மெல்ல அடங்கிவிடும்.

ஒவ்வொரு டாம்பரையும் இயந்திரத்தில் மாட்டி இழுத்துத் தள்ளிப் பார்த்து, வேண்டிய அளவுக்கு முரண்டு பிடிக்கிறதா என்று சொல்வதுதான் அவர் வேலை. பிடித்தால் உருளையின் கழுத்தில் மஞ்சள் பெயிண்டில் ஒரு டிக் போடுவார். அவர் போடும் டிக்குக்கு வால் கொஞ்சம் சுருண்டிருக்கும், சின்ன வயதிலிருந்தே கை அப்படி. பிடிக்காவிட்டால் டாம்பரை இறக்கி, எண்ணெயை வடித்து, உள்ளே துளையை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லை மாற்றி, மறுபடி எண்ணெய் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, மறுபடி மாட்ட வேண்டும். அதற்கு அரை நாள் ஓடிவிடும். அரை நாள் யாரிடம் இருக்கிறது?

எண்ணெய் சூடானால் இளகும், குளிர்ந்தால் கெட்டிப்படும். அதனால் சோதனையின்போது எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தது என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துக்கொண்டு இயந்திரம் கணக்கைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சூட்டை மனிதன் கையால்தான் தட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணெய் சூடாக இருந்ததாகச் சொல்லிவிட்டால், பாவம், சூட்டில்தான் தளர்ந்துவிட்டது என்று இயந்திரம் மனமிரங்கிப் பாஸ் போட்டுவிடும். இதற்குத் தொழிற்சாலையில் வெயில் காட்டுவது என்று பெயர். ஏதாவது டாம்பர் சோதனையில் தொங்கினால், "அதுக்குக் கொஞ்சம் வெயில் காட்டுங்க" என்று சூப்பர்வைசர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார், ஈரத்துணியை உலர்த்தச் சொல்வதுபோல.

ஆரம்பத்தில் அவர் காட்டவில்லை. கெட்டதை ஒதுக்கி வைத்தார். ஒதுக்கி வைத்தது குவிந்துகொண்டே போனது. "நீங்க ஒருத்தர் மட்டும் யோக்கியரா இருந்தா லாரி நகருமா?" என்று சூப்பர்வைசர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். நகரவில்லைதான். அப்போது தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். முதல் முறை வெயில் காட்டியபோது சூட்டின் அளவை மூன்று முறை அழித்து அழித்துத் தட்டினார். பிறகு ஒரே தட்டில் முடிக்கப் பழகிப்போயிற்று. நூற்றில் ஒன்று, அதுவும் ஒரு மயிரிழை வித்தியாசம், கட்டடத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரு மடங்கு கூடவே போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டார். அது கொஞ்சம் உண்மையும்தான். அதனால்தான் பூச்சு நன்றாக ஒட்டியது.

ஒரே ஒரு வாரம் மட்டும் அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. நல்ல மழைக்காலம். ஆட்கள் ஸ்வெட்டரோடு வேலை செய்தார்கள். புதிதாக ஒருவரிடம் வாங்கிய சுருள்வில்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் தளர்ச்சி. அந்தக் குளிரில், கெட்டிப்பட்ட எண்ணெயோடும்கூட, டாம்பர்கள் ஒன்றுக்கும் முரண்டு பிடிக்காமல் நல்ல பிள்ளைகளாகப் போய்வந்தன. வெளியே மழையில் லாரி நின்றுகொண்டிருந்தது. சோதனைக்காரர் வாரம் முழுக்கக் கோடை வெயிலாகக் காட்டினார். வால் சுருண்ட மஞ்சள் டிக்குகள் வரிசையாக லாரி ஏறின. எந்தக் கட்டடத்துக்குப் போகின்றன என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

தம்பி வீடு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. குடிபோவதற்கு முன்னால் வீட்டைக் காட்டுவதற்காக அவன் அண்ணனைக் கையோடு அழைத்துக்கொண்டு போனான். இருபத்தெட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஊரே காலடியில் கிடந்தது. தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதைப் பாருண்ணே, உனக்காகத்தான் காட்டறேன்" என்று சாமான் அறையின் சுவரில் இருந்த சின்னக் கதவைத் திறந்தான். "உங்க கம்பெனிதானே? ஒவ்வொரு மாடியிலயும் வச்சிருக்காங்களாம். வீட்டை விக்கறவன் இதைச் சொல்லித்தான் என்னை மடக்கினான். எங்க அண்ணன் செய்யற சாமானாச்சேன்னு கண்ணை மூடிக்கிட்டு முன்பணம் கொடுத்துட்டேன்."

உள்ளே சாய்வாக உருளை. அதன் கழுத்தில் மஞ்சள் டிக். வால் சுருண்டிருந்தது. பக்கத்தில் பொறித்திருந்த வரிசை எண் அந்த மழை வாரத்துடையது.

சோதனைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "என்னண்ணே, வீடு எப்படி?" என்று தம்பி கேட்டதற்கு, "ரொம்ப உயரம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லைத்தான் தம்பி மனைவி பிடித்துக்கொண்டாள். மாமாவுக்கு நாம உயரத்துக்குப் போனது பிடிக்கவில்லை என்ற பேச்சு அங்கேதான் முளைவிட்டது. விருந்து அதற்குத் தண்ணீர் ஊற்றியது.

பூமி ஆடியது ஒரு விடுமுறை நாள் மத்தியானம். எங்கோ கடலுக்கடியில், வெகு தொலைவில். சோதனைக்காரர் தன் வீட்டில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தரைத்தளத்து வீடு, ஊசிகூட நடுங்கவில்லை. தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, வீடு ஆடுதுண்ணே. நிக்கவே மாட்டேங்குது."

குரலுக்குப் பின்னால் பாத்திரங்கள் விழும் சத்தம். தம்பி மனைவி யாரையோ கூப்பிட்டு அழும் சத்தம். "தரையில உட்காருடா. அலமாரி பக்கத்துல நிக்காதே" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். ஆட்டோ பிடித்துப் பத்தே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தபோது லிஃப்டுகள் நின்றிருந்தன. அண்ணாந்து பார்த்தார். அத்தனை பெரிய கட்டடம் இன்னமும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே இருந்த சோடாக் கடைக்காரர், "என்ன சார் மேல பார்க்கறீங்க?" என்று சாவகாசமாகக் கேட்டார். தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தாள். வந்தவள் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

மறுநாள் கட்டடத்தைக் கட்டியவர்களின் ஆட்கள் வந்து, எங்கும் விரிசல் இல்லை, ஆடுவதுதான் இதன் பலம் என்று விளக்கிவிட்டுப் போனார்கள். தம்பி மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி தனியாக உடைந்த பாத்திரங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தான். சோதனைக்காரர் போய் வாசலில் நின்றார்.

"ஆடணுமாம்ணே. ஆடறதுதான் நல்லதாம்" என்றான் தம்பி, மனப்பாடம் செய்த பிள்ளைபோல.

"ஆடலாம்டா. இத்தனை நேரம் ஆடக்கூடாது. டாம்பர் ஒழுங்கா இருந்தா எப்பவோ அடங்கியிருக்கும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வெயில் காட்டுவது, மழை வாரம், மஞ்சள் டிக், விருந்துக்கு வராதது. இத்தனை வருஷமாகச் சுமந்ததை இறக்கிவைக்க எவ்வளவு குறைந்த நேரம் ஆனது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பி பெருக்குமாறைச் சுவரில் சாய்த்து வைத்தான். திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று அவர் காத்திருந்தார். அடிக்கட்டும் என்றுகூட இருந்தது.

"இது விழுந்துடும்ங்கிறியா?"

"இந்தத் தடவை தொலைவுல வந்தது. கிட்டத்துல பெரிசா வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியலடா. யாருக்கும் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் சோதனை."

"சரி பண்ண முடியுமா?"

"சுவரை உடைச்சு ஒவ்வொண்ணாக் கழட்டி மாத்தணும். வா, குடியிருப்போர் சங்கத்துல போய்ச் சொல்லிடலாம். நானே வந்து சொல்றேன்."

தம்பி மனசுக்குள் கணக்குப் போட்டான். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவன். யோசிக்கும்போது அவன் கண் ஓரிடத்தில் நிற்காது.

"யார்கிட்டயாவது சொன்னியா? அண்ணிகிட்ட?"

"இல்ல."

"சொல்லாதே. சங்கத்துல சொன்னா நாளைக்கே பேப்பர்ல வரும். அப்புறம் இந்த வீட்டை யார் வாங்குவான்? நீ ஜெயிலுக்குப் போ, நான் கட்டாத கடனோட நடுத்தெருவுல நிக்கறேன். இதுக்கா என்னைப் படிக்க வச்சே?"

"மத்த மாடியில எல்லாம் ஜனங்க இருக்காங்கடா."

"நானும் ஜனம்தாண்ணே."

வீடு விற்பனைக்கு வந்தது. ஆபீஸுக்குத் தூரம், குழந்தைக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று வெளியே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சொந்தக்காரர்களுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பெரியவன் கண்ணுதான், குடியேறி வருஷம் திரும்புவதற்குள் பிள்ளையைத் துரத்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தம்பி மறுக்கவில்லை. அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி கூப்பிட்டான். "ஒரு டீச்சரம்மா ரெண்டாவது தடவையா வீட்டைப் பார்க்க வராங்க. சும்மா வந்து நில்லுண்ணே. ஒண்ணும் பேச வேண்டாம்."

எதற்கு என்று அவருக்குப் புரியாமல் இல்லை. போனார். தம்பி கூப்பிட்டு அவர் போகாமல் இருந்தது அந்த விருந்துக்கு மட்டும்தான்.

டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். சுண்ணாம்புக்கட்டித் தூள் ஒட்டிய கைப்பை. குழாயைத் திறந்து மூடினார், சுவரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் கூடத்தின் நடுவில் வந்து நின்று கேட்டார்.

"போன தடவை பூமி ஆடினப்போ இங்க ரொம்ப ஆடுச்சாமே. கீழ வாட்ச்மேன் சொன்னார்."

"ஆடுச்சு டீச்சர், நான் மறைக்கல" என்றான் தம்பி. "இரும்புக் கட்டடம்னா ஆடத்தான் செய்யும். இதோ எங்க அண்ணன். இந்த டாம்பர் செஞ்ச கம்பெனியிலதான் இருக்கார். அவரையே கேட்டுக்குங்க."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நினைக்காதீங்க சார். எங்கம்மாவுக்கு நடக்க முடியாது. சக்கர நாற்காலிதான். லிஃப்ட் நின்னுட்டா என்னால அவங்களைத் தூக்கிட்டு இறங்க முடியாது. அந்த ஒரு பயம்தான். இருக்கற பணத்தையெல்லாம் இதுல போடறேன்."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிடரி மட்டும் தெரிந்தது. அப்பா போன பிறகு தினமும் சைக்கிளின் முன் கம்பியில் உட்காரவைத்து அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர். அப்போதெல்லாம் வழி நெடுக அவர் பார்த்துக்கொண்டு போனது இந்தப் பிடரியைத்தான். வேண்டாம் டீச்சர் என்ற இரண்டு சொல் நாக்கு நுனிவரை வந்தது. வந்து அங்கேயே நின்றது.

அவர் பேசாமல் நிற்பதைப் பார்த்து டீச்சரே சாமான் அறைக்குப் போய்ச் சின்னக் கதவைத் திறந்தார். "இதுதானா? இது என்ன சார், மஞ்சள் கோடு?"

"சோதனையில தேறிடுச்சுன்னு அடையாளம்."

"யார் போடறது?"

"நான்தான்."

"இதை நீங்களேவா சோதிச்சீங்க?"

"ஆமா. என் கைதான்."

டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சரி சார். இதுக்கு மேல நான் யாரைப் போய்க் கேட்கப்போறேன்?"

பாருங்கள், அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். தொழிற்சாலையில் வெயில் காட்டும்போதாவது ஒரு பொய்யைத் தட்ட வேண்டியிருந்தது. இங்கே அதுவும் தேவைப்படவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது தம்பி அவர் தோளில் கை வைத்து, "நீ நல்லாப் பேசினேண்ணே" என்றான். அவர் தோளை நகர்த்திக்கொண்டார். நகர்த்திக்கொள்ள மட்டும் தெரிந்தது அவருக்கு. காதும் காதும் வைத்த மாதிரி வீடு கைமாறியது. தம்பி ஊருக்கு வெளியே தோட்டத்தோடு தனி வீடு வாங்கினான், மாடியே இல்லாத வீடு. அதற்கும் விருந்து வைத்தான். இந்த முறை அண்ணனைக் கூப்பிடவில்லை. கண்ணு பட்டுவிடும் என்று தம்பி மனைவி பயப்படுகிறாளாம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். அண்ணனின் மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. "ஊரெல்லாம் பகை, வீட்டுக்கு வந்தா ஊமை" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சுவரிடம் சொன்னாள்.

வீடு பார்க்க வந்த அன்று கிளம்பும் முன் டீச்சர் அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டிருந்தார். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கூப்பிடுகிறார். இப்போதும் கூப்பிடுகிறார். போன வாரம் புயல் சின்னம் என்று ஊரே இருண்டு கிடந்த ஒரு சாயங்காலம், அவர் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சார், விளக்கு லேசா ஆடுது. அம்மா பயப்படறாங்க. நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லம்மா. காத்துதான்."

"நீங்க சொன்னாப் போதும் சார்." பிறகு வாயைப் போனிலிருந்து திருப்பி, உள்ளே இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். "அம்மா, சோதிச்ச சாரே சொல்லிட்டார். பயப்படாமப் படுங்க."

அவர் போனைப் பைக்குள் போட்டார். உடன்பிறந்தவன் முதல் கட்டிய மனைவிவரை, அவரை இவ்வளவு நம்பியவர்கள் இதுவரை யாரும் இல்லை. இயந்திரத்தில் மாட்டியிருந்த டாம்பர் சோதனையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்தது. எண்ணெயின் சூடு எவ்வளவு என்று இயந்திரம் கேட்டது. அவர் கோடை வெயிலாகத் தட்டினார்.